ஃபிட்ஸ்ராய்: கிளப் போனபின் பழைய ஆட்டக்காரர்கள் யாருக்குச் சொந்தம்?

கொஞ்ச நாளாக ஆஸ்திரேலிய ஃபுட்பால் கிளப்புகளின் வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். ஆட்டத்தைவிட என்னைப் பிடித்து இழுத்தது வேறொரு விஷயம். இந்தக் கிளப்புகள் தங்கள் பழைய ஆட்டக்காரர்களை எப்படி நினைவில் வைத்திருக்கின்றன என்பதுதான் அது.

மெல்போர்ன் புறநகர் ஒன்றில், சனிக்கிழமை மதியம் அமெச்சூர் ஆட்டம் ஆடுகிற ஒரு சின்ன கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அறைச் சுவரில் மரப்பலகைகள் தொங்கும். எந்த வருடம் யார் தலைவர், யார் கேப்டன், அந்த வருடத்தின் சிறந்த, நேர்மையான ஆட்டக்காரர் யார், வாழ்நாள் உறுப்பினர்கள் யார் யார், எல்லாம் தங்க எழுத்தில் வரிசையாக இருக்கும். கோப்பை வென்ற அணியை இருபதாம், ஐம்பதாம் ஆண்டில் அழைத்து விருந்து வைப்பார்கள். நூறாவது, இருநூறாவது ஆட்டம் ஆடுபவருக்குக் காகிதத் தோரணம் கட்டி, அதைக் கிழித்துக்கொண்டு ஓடி வரச் செய்வார்கள். பழைய ஆட்டக்காரர் ஒருவர் இறந்துபோனால், அவரைப் பார்த்தேயிராத இருபது வயதுப் பையன்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டி இறங்குவார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கிளப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றுமில்லைதான். கிளப்பே இல்லாமல் போய்விட்டால் அந்தப் பலகை யாருடையது? அதில் உள்ள பெயர்களை யார் படிப்பார்கள்? இந்தக் கேள்வி நிஜமாகவே எழுந்த இடம் ஃபிட்ஸ்ராய்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1858-இல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் ஆட்டக்காரர் மெல்போர்ன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் உடம்பைச் சோம்பலில் விடாமலிருக்க ஒரு ஃபுட்பால் கிளப் தொடங்கலாமே என்பது அவர் யோசனை. அடுத்த வருடமே விதிகள் எழுதப்பட்டன. முட்டை வடிவப் பந்து, கிரிக்கெட் மைதானம் அளவு பெரிய வட்டத் திடல், ஒரு பக்கத்துக்கு பதினெட்டு பேர். நடுவிலுள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் ஆறு புள்ளி. ஓரக் கம்பத்துக்கும் நடுக்கம்பத்துக்கும் இடையே போனால் ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

ஃபிட்ஸ்ராய் மெல்போர்ன் நகரத்தை ஒட்டிய உழைப்பாளிகளின் பேட்டை. தொழிற்சாலைகள், நெருக்கியடித்த வீடுகள், குறுகிய சந்துகள். அங்கே 1883-இல் கிளப் தொடங்கியது. 1897-இல் விக்டோரியன் ஃபுட்பால் லீக் தன் முதல் சீசனைத் தொடங்கியபோது அதில் ஆடிய எட்டு கிளப்புகளில் ஃபிட்ஸ்ராயும் ஒன்று. அந்த வருடம் மே 8-ஆம் தேதி, பிரன்ஸ்விக் தெரு மைதானத்தில் கார்ல்ட்டனை 49-க்கு 16 என்று தோற்கடித்தது. அந்த மைதானத்தில் 1888-இல் கட்டிய பார்வையாளர் மாடம் இன்றும் நிற்கிறது.

அடுத்த இருபத்தைந்து வருடம் ஃபிட்ஸ்ராய்க்குப் பொற்காலம். 1898, 1899, 1904, 1905, 1913, 1916, 1922 என ஏழு கோப்பைகள். இதில் 1916 கதை கொஞ்சம் விநோதமானது. முதல் உலகப் போர் காரணமாக அந்த வருடம் நான்கே கிளப்புகள்தான் ஆடின. ஃபிட்ஸ்ராய் லீக் சுற்றில் கடைசி இடம். ஆனால் இருந்ததே நான்கு அணிகள் என்பதால் நான்கும் இறுதிக்கட்டத்துக்குப் போயின. அங்கே ஜெயித்துக் கோப்பையையும் தூக்கிவிட்டது! ஒரே வருடத்தில் கடைசி இடமும் முதல் இடமும். எட்டாவது கோப்பை 1944-இல் வந்தது. அதுவே கடைசியும்கூட.

இப்போது பலகையில் உள்ள பெயர்களுக்கு வருவோம்.

லீகின் மிகச்சிறந்த, நேர்மையான ஆட்டக்காரருக்குக் கொடுப்பது பிரவுன்லோ பதக்கம். ஃபிட்ஸ்ராய்க்காரர்கள் ஆறு பேர் எட்டு முறை அதை வாங்கியிருக்கிறார்கள். ஹேடன் பன்டன் மட்டும் மூன்று முறை: 1931, 1932, 1935. பிறகு 1933-இல் வில்ஃப்ரெட் ஸ்மால்ஹார்ன், 1936-இல் டின்னி ரயன், 1950-இல் ஆலன் ருத்வன், 1969-இல் கெவின் மரே, 1981-இல் பெர்னி க்வின்லன்.

கெவின் மரேயைப் பாருங்கள். ஃபிட்ஸ்ராய்க்காக 333 ஆட்டங்கள். கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஒன்பது முறை. முதுகுக்கு இரும்புப் பட்டை கட்டிக்கொண்டு ஆடியவர். ஆனால் அவர் ஃபிட்ஸ்ராய்க்கு ஆடவந்தது 1955-இல். கடைசிக் கோப்பை வந்ததோ 1944-இல். அதாவது இத்தனை ஆட்டத்திலும் ஃபிட்ஸ்ராயோடு ஒரு கோப்பைகூட அவர் கைக்கு வரவில்லை. கோப்பையை வைத்து மட்டும் ஆளை மதிப்பிட்டால் மரேக்கு இடமே இல்லை. ஃபிட்ஸ்ராய் ரசிகரிடம் யார் பெரிய ஆள் என்று கேட்டால் முதலில் வரும் பெயர்களில் ஒன்று அவருடையது. தோற்றுக்கொண்டே இருந்த கிளப்பை விடாமல் தோளில் சுமந்தவரை உள்ளூர்க் கிளப்புகள் எப்போதும் மறப்பதில்லை. வாழ்நாள் உறுப்பினர் பட்டியலில் ஆட்டக்காரர்களோடு கோடு போட்டவர், ஜெர்சி துவைத்தவர், டீ போட்டவர் பெயர்களும் சேர்வது இதனால்தான்.

அந்தக் காலத்தில் ஆட்டக்காரருக்கும் பேட்டைக்கும் இருந்த உறவும் வேறு. 1915-இல் லீக் எல்லை பிரித்தது. மெல்போர்னுக்குள் எந்தப் பகுதியில் குடியிருக்கிறாயோ அந்தப் பகுதிக் கிளப்புக்குத்தான் ஆடலாம். ஆட்டமும் முழுநேர வேலை இல்லை. சனிக்கிழமை மைதானத்தில் கைதட்டு வாங்கியவன் திங்கட்கிழமை எல்லாரையும்போல வேலைக்குப் போவான். பக்கத்து வீட்டுக்காரன்தான் நாயகன். அதனால் அவன் பெயரைப் பலகையில் எழுதியபோது பேட்டைக்காரர்கள் தங்கள் தெருவின் வரலாற்றையும் சேர்த்தே எழுதிக்கொண்டார்கள்.

ஸ்மால்ஹார்ன் கதைக்கு நமக்குத் தெரிந்த ஒரு ஓரம் உண்டு. ‘சிக்கன்’ என்று செல்லப்பெயர் பெற்ற இந்த மனுஷர் இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் கைதியானார். சாங்கி முகாமில் கைதிகள் ஒரு ஃபுட்பால் லீகே நடத்தினார்கள். அதை ஏற்பாடு செய்தவர்களில் இவரும் ஒருவர். அந்த லீகுக்கென்று ஒரு ‘சாங்கி பிரவுன்லோ’ பதக்கமும் இருந்தது. 1943-இல் அதைப் பெற்றவர் பீட்டர் சிட்டி. பட்டினியும் வியாதியுமாகக் கிடந்த இடத்தில்கூட, யார் நன்றாக ஆடினார் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து, கையில் ஒரு பதக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

இதே சாங்கியிலிருந்துதான் ஆயிரக்கணக்கான கைதிகள் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். அதே பாதையில் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் நேச நாட்டுக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் உண்டு. தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு கல் கிடையாது. ஒரு பெயரை எழுதி வைப்பது வெறும் சடங்கு என்று யாராவது சொன்னால், இந்த இரண்டையும் அடுத்தடுத்து நினைத்துப் பார்க்கச் சொல்வேன்.

இனி டக் நிக்கல்ஸ்.

1906-இல், முர்ரே ஆற்றங்கரையில் உள்ள கமரகன்ஜா என்ற பழங்குடிக் குடியிருப்பில் பிறந்தவர். யோர்ட்டா யோர்ட்டா மக்களைச் சேர்ந்தவர். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்தான். ஆனால் ஓட்டத்தில் மின்னல். 1920-களின் பின்பாதியில் கார்ல்ட்டன் கிளப்பில் சேர முயன்றார். அவருடைய நிறத்தைக் காரணம் காட்டி ஒதுக்கினார்கள், உடம்பு பிடித்துவிடுகிற ஆள் தொட மறுத்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நார்த்கோட் கிளப் சேர்த்துக்கொண்டது. 1929-இல் நார்த்கோட் கோப்பை வென்ற அணியில் அவர் இருந்தார். 1932-இல் ஃபிட்ஸ்ராய்க்கு வந்தார்.

ஃபிட்ஸ்ராயில் முதல் நாள். உடைமாற்றும் அறையில் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தாராம் நிக்கல்ஸ். பன்டன் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து உடை மாற்றத் தொடங்கினாராம். அப்போது பன்டன் லீகிலேயே பெரிய நட்சத்திரம். இந்தச் சம்பவத்தை ஃபிட்ஸ்ராய்க்காரர்கள் இன்றும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எந்தப் பலகையிலும் எழுத முடியாத விஷயம் இது. மூன்று பதக்கத்தை எழுதலாம். ஒருவன் பக்கத்தில் போய் உட்கார்ந்ததை எப்படி எழுதுவது? அதை வாயால்தான் கடத்த முடியும். அதற்கு ஒரு கிளப் வேண்டும், ஒரு விருந்து வேண்டும், கேட்கச் சின்னப் பையன்கள் வேண்டும்.

நிக்கல்ஸ் ஃபிட்ஸ்ராய்க்காக 54 ஆட்டங்கள் ஆடினார். 1935-இல் விக்டோரியா மாநில அணிக்குத் தேர்வானார். ஆட்டத்துக்குப்பின் பாதிரியாராகி, ஃபிட்ஸ்ராயிலேயே தன் மக்களுக்காக உழைத்தார். 1972-இல் சர் பட்டம். பழங்குடியினரில் அதைப் பெற்ற முதல் ஆள். 1976-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர். 2016-இலிருந்து தேசிய லீகில் வருடந்தோறும் நடக்கும் பழங்குடியினர் சிறப்புச் சுற்று ‘சர் டக் நிக்கல்ஸ் சுற்று’ என்றே அழைக்கப்படுகிறது. எல்லா கிளப்புகளும் அந்தப் பெயரின் கீழ் ஆடுகின்றன, ஒரு காலத்தில் அவரை ஒதுக்கிய கிளப் உட்பட. அவர் இறந்தது 1988-இல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவருக்கும் முன்னால் ஒருவர் இருக்கிறார். ஜோ ஜான்சன். 1904 முதல் 1906 வரை ஃபிட்ஸ்ராய்க்கு 55 ஆட்டங்கள், 1904, 1905 இரண்டு கோப்பை அணிகளிலும் இடம். லீகில் ஆடிய முதல் பழங்குடி ஆட்டக்காரராக இன்று அடையாளம் காணப்படுபவர் இவர்தான். வெற்றி அணியின் பட்டியலில் ‘ஜே. ஜான்சன்’ என்று ஒரு பெயர் இருந்தால், அதைப் படிக்கிறவருக்கு அதிலிருந்து என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. பலகையின் பலவீனமும் இதுதான். பெயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

சரி, கிளப் எப்படிப் போனது?

ஒரே நாளில் போகவில்லை. 1966-க்குப் பிறகு பிரன்ஸ்விக் தெரு மைதானத்தில் ஃபிட்ஸ்ராய் லீக் ஆட்டம் ஆடவில்லை. அதற்கப்புறம் முப்பது வருடம் வாடகை வீட்டுக்காரன் மாதிரி பிரின்சஸ் பார்க், ஜங்ஷன் ஓவல், விக்டோரியா பார்க், மறுபடி பிரின்சஸ் பார்க், பிறகு விட்டன் ஓவல் என்று அலைந்தது. சொந்த மைதானம் இல்லாத கிளப்புக்குச் சொந்தக் கூட்டமும் கரையும். இதற்கிடையில் லீக் தேசிய அளவுக்கு விரிந்தது. 1982-இல் சவுத் மெல்போர்ன் கிளப் சிட்னிக்குப் போனது. 1987-இல் பெர்த்திலும் பிரிஸ்பேனிலும் புதிய அணிகள் வந்தன. 1990-இல் லீகின் பெயரே ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக் என்று மாறியது. பணம் உள்ளவனுக்கே இடம் என்றாகிவிட்ட உலகத்தில் பழைய பேட்டைக் கிளப் என்ன செய்யும்?

1996-இல் கழுத்தை நெரித்தது கடன். கொடுத்தது, நம்பமாட்டீர்கள், பசிபிக்கில் உள்ள நவூரு என்ற குட்டித் தீவு நாட்டின் காப்பீட்டுக் கழகம். ஜூன் கடைசியில் கிளப் நிர்வாகியின் கைக்குப் போனது. நார்த் மெல்போர்னுடன் இணைவது ஏறக்குறைய முடிவாகியிருந்தது. மற்ற கிளப்புகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஜூலை 4-ஆம் தேதி பிரிஸ்பேன் பேர்ஸுடன் இணைப்பு என்று முடிவானது. பிரிஸ்பேன் எங்கே, மெல்போர்ன் எங்கே!

அந்த சீசனில் ஃபிட்ஸ்ராய் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். ஆகஸ்ட் 25-ஆம் தேதி மெல்போர்னில் கடைசி ஆட்டம், ரிச்மண்டிடம் 151 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. செப்டம்பர் 1-ஆம் தேதி பெர்த்தில் ஃப்ரீமான்டிலிடம் 86 புள்ளியில் தோல்வி. அத்தோடு முடிந்தது. 1897-இலிருந்து எண்ணினால் சரியாக நூறு சீசன்கள்.

புதிய அணிக்குப் பிரிஸ்பேன் லயன்ஸ் என்று பெயர். சிங்கச் சின்னம் ஃபிட்ஸ்ராயுடையது. பிரெஞ்சு தேசியகீதத்தின் மெட்டில் பாடும் கிளப் பாட்டும் ஃபிட்ஸ்ராயிடமிருந்து வந்தது. எட்டு ஆட்டக்காரர்களும் போனார்கள். 2001, 2002, 2003 என்று தொடர்ந்து மூன்று கோப்பை. அந்த மூன்றிலும் ஆடிய கிறிஸ் ஜான்சன் ஃபிட்ஸ்ராயிலிருந்து போனவர். மெல்போர்ன் ரசிகர்களில் ஒரு பகுதி இதில் ஆறுதல் கண்டது. ‘எங்க பசங்க ஜெயிச்சிட்டாங்க’ என்று அழுதது. இன்னொரு பகுதி ஃபுட்பால் பார்ப்பதையே விட்டுவிட்டது. இரண்டு பக்கத்தையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பிறகு பிரிஸ்பேன் தன் சிங்கச் சின்னத்தை மாற்றியபோது, 1996 ஒப்பந்தப்படி பழைய சின்னத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஃபிட்ஸ்ராய் வழக்கே தொடுத்தது. 2010-இல் சமரசம் ஆனது. வெளியாளுக்கு ஒரு படத்துக்காகவா சண்டை என்று தோன்றும். எஞ்சியிருந்தது அந்தப் படம்தானே!

வழக்குத் தொடுத்தது ஃபிட்ஸ்ராய் என்றேன். போன கிளப் எப்படி வழக்குப் போடும்? இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரிஸ்பேனுக்குப் போனது லீகில் ஆடும் அணி. ஃபிட்ஸ்ராய் ஃபுட்பால் கிளப் என்ற அமைப்பு சட்டப்படி கலையவேயில்லை. கடன் தீர்த்து 1998-இல் நிர்வாகியிடமிருந்து வெளியே வந்தது. ஆனால் ஆட அணி இல்லை. அணி இல்லாத கிளப், நினைவுகளை மட்டும் வைத்துக்கொண்டு பத்து வருடம் ஓட்டியது.

அதே சமயம் பிரன்ஸ்விக் தெரு மைதானத்தில் வேறொரு அணி ஆடிக்கொண்டிருந்தது. மெல்போர்ன் பல்கலைக்கழக மரபிலிருந்து வந்த யுனிவர்சிட்டி ரெட்ஸ். அமெச்சூர் லீகில் ஆடுபவர்கள். மைதானத்தின் நினைவாகத் தங்களை ஃபிட்ஸ்ராய் ரெட்ஸ் என்று மாற்றிக்கொண்டவர்கள். 2008 கடைசியில் இந்த அணியும் பழைய கிளப்பும் ஒன்றாயின. 2009-இல் ஃபிட்ஸ்ராய் என்ற பெயரில், சிவப்பும் நீலமுமான ஜெர்சியில், 1897-இல் கார்ல்ட்டனைத் தோற்கடித்த அதே புல்தரையில் ஒரு அணி இறங்கியது. ஆடியவர்களுக்குச் சம்பளம் கிடையாது. இப்போது பெண்கள் அணியும் உண்டு.

ரெட்ஸ்காரர்கள் செய்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். அவர்களுக்கென்று சொந்த வரலாறு இருந்தது, சொந்தப் பழைய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். இன்னொரு கிளப்பின் பெயரை ஏற்பது அந்தக் கிளப்பின் செத்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பொறுப்பேற்பதுதான். பெர்னி க்வின்லன் ஆடியதைப் பார்த்திராத ஒரு மாணவன், அவர் அணிந்த நிறத்தை அணிந்துகொண்டு ஓடுகிறான். ஐம்பது வருடம் முன்பு ஃபிட்ஸ்ராய்க்கு ஆடிய ஒரு முதியவர் சனிக்கிழமை மதியம் போய் நிற்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே அவரைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பழைய ஆட்டக்காரர்கள் யாருக்குச் சொந்தம் என்று தலைப்பில் கேட்டேன். கோப்பைக் கணக்கையும் சின்னத்தையும் பற்றி ஒப்பந்தம் போடலாம், வழக்காடலாம். பிரிஸ்பேன் தன் பங்குக்கு அந்த நினைவை மதித்துத்தான் வருகிறது. ஜெர்சியின் பின்கழுத்தில் ஃபிட்ஸ்ராயின் எழுத்துகளைப் போட்டிருக்கிறது. ஆனால் பன்டன் எழுந்து போய் நிக்கல்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தார் என்பதை அந்த மைதானத்தின் ஓரத்தில் நின்று சொல்வதற்கும், ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பெரிய அரங்கத்தில் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். என் கணக்கில் அவர்கள் சொந்தம், அவர்களைப் பற்றிப் பேச வாரந்தோறும் கூடுகிற கூட்டத்துக்கு. கூடுவதை நிறுத்தினால் பலகையும் வெறும் மரம்தான்.

ஜோ ஜான்சனைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத எண்ணம். இரண்டு கோப்பை வென்ற ஆளுக்கு ஒரு பத்தி போதாது.